‘கடுப்பு’ என்ற ஒற்றைச் சொல்: ஒரு பேருந்து நடத்துநரின் நிகழ்வு ஆய்வு

ஒரு சிறு நகரத்தில், பொது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் மாலை நேரங்களில் மனநல ஆலோசகராக உட்கார்கிறேன். இங்கே எழுதியிருப்பது 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை நான் பார்த்த ஒருவரின் கதை. எழுதுவதற்கு அவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரே வாசித்தார். இரண்டு இடங்களில் “இப்படி இல்ல சார்” என்று திருத்தினார். ஊரையும் டிப்போவையும் வழித்தடத்தையும் வேண்டுமென்றே சொல்லவில்லை.

பின்னணி

அவருக்கு வயது 44. நகரப் பேருந்து நடத்துநர், 16 ஆண்டு சர்வீஸ். மனைவி, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன். சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதைப் பார்க்கப் போவதற்காகவே சக ஊழியர்களோடு டூட்டியை மாற்றிக்கொள்வார். தொடர்ந்து வேலை பார்த்து, பிறகு சேர்ந்தாற்போல இரண்டு மூன்று நாள் ஓய்வு எடுப்பார்.

2022 ஜூலையில் ஒரு காலை, எட்டு மணி நடை, அதாவது டிரிப். 9 ரூபாய் டிக்கெட்டுக்குப் பெரியவர் ஒருவர் 500 ரூபாய் நோட்டை நீட்டினார். சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் இவர். பெரியவர் விடவில்லை. “சில்லறை குடுக்க வக்கில்லாம எதுக்குடா பையை மாட்டிக்கிட்டு நிக்கிற” என்றார். அடுத்த நொடி இவர் பைக்குள் கைவிட்டு, அள்ளிய நாணயங்களைப் பேருந்தின் தரையில் வீசினார். “பொறுக்கிக்க” என்ற சொல்லும் வந்தது.

யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். 23 விநாடி வீடியோ. பெரியவர் பேசியது அதில் இல்லை, காசு சிதறுவதிலிருந்துதான் ஆரம்பம். மாலைக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மறுநாள் டிப்போவில் சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. மகளின் வகுப்பிலும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பதினோராவது நாள் மனைவி அவரை அழைத்து வந்தார். நடத்துநர் கேட்ட முதல் கேள்வி: “கோபத்துக்கு மாத்திரை ஏதும் இருக்குங்களா சார்?”

முதல் சந்திப்பில் கண்டது

மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பார்ப்பது எங்கள் கிளினிக்கின் வழக்கம். தைராய்டு சுரப்பு கூடினாலும் சர்க்கரை இறங்கினாலும் எரிச்சலும் படபடப்பும் வரும். அதை விட்டுவிட்டு மனசை ஆராய்ந்துகொண்டிருந்தால் அது வீண் வேலை. ரத்தத்தில் சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருந்தன. ரத்த அழுத்தம் 150/100, வேறு இரண்டு நாள் பார்த்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. மருத்துவர் மாத்திரை தொடங்கினார். “கோபத்துக்கான மாத்திரை இது இல்லை” என்று அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

குடி, ஓய்வு நாளில் மட்டும், அளவு பெரிதில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் 8 மதிப்பெண், அதாவது லேசான நிலை. அதில் பெரும் பங்கு தூக்கமும் அசதியும்.

தூக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மாற்றிக்கொண்ட டூட்டிகளில் கடைசி நடை முடிந்து டிப்போ சேர இரவு 10.20. கலெக்ஷன் கட்டி வீடு வர 11.20. மறுநாள் முதல் நடை 4.40-க்கு என்றால் 3.15-க்கு எழ வேண்டும். அப்போது நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஒரு நாள் பணி முடிவதற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் இடையில் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. டிப்போவின் பட்டியலில் அந்த இடைவெளி இருந்தது. ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டதில் அது காணாமல் போயிருந்தது. வாரத்தில் இரண்டு, சில வாரம் மூன்று இரவு இப்படி. நான்கு மணி நேரம்கூட நிறையாத தூக்கத்தோடு எண்பது பேர் நெருக்கியடிக்கும் வண்டிக்குள் போகிறார்.

2007-இல் மேத்யூ வாக்கர் இருந்த ஆய்வுக் குழு, ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் மூளையைப் படம் பிடித்தது. வேண்டாத காட்சிகளைக் காட்டியபோது, அபாயத்தை முகர்ந்து பார்க்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிடச் சுமார் 60% கூடுதலாகத் துள்ளியது. இவர் முழு இரவு விழித்தவர் அல்ல, அந்த எண்ணை அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அந்தக் காலை நடையில் அவர் எந்த மூளையோடு நின்றிருப்பார் என்று ஊகிக்க இது போதும்.

இன்னொன்றையும் அன்றே கவனித்தேன். என்ன கேட்டாலும் அவரிடம் இரண்டே சொற்கள் இருந்தன. “டென்ஷன்.” “கடுப்பு.” பெரியவர் அப்படிப் பேசியபோது என்ன தோன்றியது? கடுப்பு. வீடியோவைப் பார்த்தபோது? கடுப்பு. மகள் பேசாதது? சிறிது நேரம் மேசையைப் பார்த்துவிட்டு, “டென்ஷனா இருக்கு சார்.”

நான் எடுத்த முதல் முடிவு, அது தவறாகப் போனது

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் குறையும் என்பது எங்கள் துறையில் நிலைத்த கருத்து. அதே 2007-இல் மேத்யூ லீபர்மேன் குழுவினர், முகபாவப் படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அமிக்டலா அடங்கியதைக் காட்டினார்கள். அதை நம்பி, என்னிடம் எப்போதும் இருக்கும் தாள் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். 24 உணர்ச்சிச் சொற்கள், ஏழு நாளுக்கான கட்டங்கள். தினமும் இரவில் டிக் அடித்து வரவேண்டும்.

அடுத்த வாரம் தாள் மடிப்புக் கலையாமல் வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் நிரப்பியது என்று பார்த்ததுமே தெரிந்தது. 16 ஆண்டாகப் படிவம் நிரப்பி மேலதிகாரியிடம் கொடுத்துப் பழகியவர். இன்னொரு படிவம், இன்னொரு அதிகாரி, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் இருந்த சொற்கள்தான் குற்றவாளி என்று இப்போது நினைக்கிறேன். ‘விரக்தி’, ‘பதற்றம்’, ‘ஏமாற்றம்’, ‘மனநிறைவு’ எல்லாம் வேற்றுமொழிப் பட்டியல் ஒன்றிலிருந்து பெயர்த்து எடுத்தவை. ஒரு சொல்கூட அவர் வாயில் வந்ததில்லை. உணர்ச்சிகளைச் சொல்லத் தெரியாத நிலைக்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று 1970-களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் பெயர் வைத்தார். என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தேன். மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு அதை அடித்தேன்.

மூன்றாவது சந்திப்பு

அன்று தாள் எதுவும் எடுக்கவில்லை. “காசை வீசுறதுக்கு முன்னாடி உடம்புல என்ன நடந்துச்சு? வண்டியில நிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றேன். எழுந்தே நின்றுவிட்டார். இடது கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டார்.

“மொதல்ல காது மடல் சுடும் சார். ரெண்டு காதும். அப்புறம் கழுத்துக்குப் பின்னாடி. வாயில விசில் இருக்கும்ல, அதக் கடிச்சுக்குவேன். கடிக்கிறது எனக்குத் தெரியாது. பல்லு வலிச்சாதான் தெரியும்.”

சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு பிளாஸ்டிக். வாயில் வைக்கும் முனையின் மேலும் கீழும் பல் பதிந்து, ஓர் ஓரம் நசுங்கி வெளுத்திருந்தது. மாதம் ஒன்று வாங்குவாராம். ஊதி ஊதித் தேய்ந்துவிடுகிறது என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார். வயிறு கவ்வும் நேரம் வேறு, தாடை இறுகும் நேரம் வேறு, காது சுடும் நேரம் வேறு. உணர்ச்சியைச் சொல்லத் தெரியாதவர் இல்லை இவர். என் தாளின் மொழி தெரியாதவர். வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, ரத்தம் கொதிக்கிறது, மனசு கனக்கிறது என்று நாம் பேசுவதெல்லாம் உடம்பில்தான் நிற்கிறது. உணர்ச்சிகளை எட்டாக வகுத்த தொல்காப்பியம் அவற்றுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு, மெய்யில் படுவது. பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கதி. ஆனால் தாள் தயாரித்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கணக்கு நோட்டு

ஒவ்வொரு நடை முடிந்ததும் நடத்துநர் டிக்கெட் மெஷினில் அந்த நடையின் கணக்கை முடிக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் ஐந்து பத்து நிமிடத்தில் இது நடக்கும். அந்த வேலையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. நடைக்கு ஓர் எழுத்து. காது சுட்டிருந்தால் ‘கா’. தாடை இறுகியிருந்தால் ‘தா’. வயிறு கவ்வியிருந்தால் ‘வ’. ஒன்றுமில்லை என்றால் 0. காரணம் எழுத வேண்டாம், யார் தப்பு என்று எழுத வேண்டாம்.

மனதில் இருப்பதை விரிவாக எழுதச் சொல்லும் முறையும் உண்டு. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். பலருக்கு உதவும் முறைதான். 11.20-க்கு வீடு வருபவரிடம் போய் உட்கார்ந்து எழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு முடிப்பது அவர் கை ஏற்கெனவே செய்யும் வேலை. ஓர் எழுத்தை அதன் வாலில் கட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது.

மூன்று வாரத்தில் 16 பணி நாள், 118 நடை எழுதி வந்தார். இந்த முறை பேனா மாறியிருந்தது, எழுத்து ஆடியிருந்தது, ஒரு பக்கத்தில் டீக்கறை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாலை முழுக்க அந்த நோட்டை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம்.

‘வ’ எல்லாம் காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் கொத்தாகக் கிடந்தது. கலெக்ஷன் குறையுமோ என்ற பயமா, மேலதிகாரி பயமா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். “சார், ஒன்பதரைக்குத்தான் சார் டிபன்.” முதல் நடைக்குக் கிளம்பும்போது ஒரு டீ, அதோடு சரி. இரண்டு பேரும் பசியை உணர்ச்சிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு இரண்டு வாழைப்பழம் என்று ஏற்பாடானது. அடுத்த வாரம் ‘வ’ பாதிக்கு மேல் காணோம். இத்தனை ஆண்டு அனுபவத்தில் இவ்வளவு மலிவான சிகிச்சையை நான் பரிந்துரைத்ததில்லை.

‘தா’ பள்ளி, கல்லூரி விடும் நடைகளில் வந்தது. படியில் பையன்கள் தொங்கும் நேரம். “படியில தொங்குறவனைப் பாத்தாலே கடுப்பு சார்.” கடுப்பு மட்டும்தானா என்று கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு பையன் விழுந்ததைப் பார்த்திருக்கிறார். பின்சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண். விரித்த கையை உடனே மடக்கவில்லை. “பயம் சார்” என்று அவரே சொன்னார்.

‘கா’தான் காசு வீசிய நாளின் குறி. அது 21 இடத்தில் இருந்தது. நேரமோ கூட்டமோ பொருந்தவில்லை. ஒவ்வொன்றாக நினைவுபடுத்தச் சொன்னேன். மீதிக் காசைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த ஆள், ‘டிக்கெட் குடுக்காம காசு வாங்கிட்டான்’ என்று சத்தமாகச் சொன்னவர், செக்கர் ஏறிய இரண்டு நாள். நாலு பேர் பார்க்க, தன்னைத் திருடனாக யாராவது பார்த்தால் காது சுடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் நடந்த ஒன்றைப் பிறகு சொன்னார். சோதனைக்கு ஏறியவர் இவர் பையைப் பிடுங்கி, டிரைவர் பக்கத்து எஞ்சின் பானட்டின் மேல் கொட்டி, பயணிகள் பார்க்க எண்ணியிருக்கிறார். கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. எண்ணி முடித்து இறங்கிப் போய்விட்டார். சூடான தகட்டில் கிடந்த நாணயங்களை இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார்.

இப்படிப் பழைய கதை ஒன்று கிடைத்தால் ஆலோசகர்களுக்குப் பூட்டு திறந்த மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்று தீர்மானித்தேன். அந்தக் கதை நடந்து 14 ஆண்டு ஆகிறது, காசு வீசியது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்கு நான்கு மணி நேரத் தூக்கமும் வெறும் வயிறும் துணை நின்றன. நோட்டில் 31 குறிகளுக்கு எங்களால் எந்த விளக்கமும் சொல்ல முடியவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஆக, ‘கடுப்பு’ என்ற ஒரு மூடிக்கு அடியில் குறைந்தது மூன்று சாமான் இருந்தன: பசி, பயம், அவமானம். மூன்றுக்கும் கோப மேலாண்மை என்று ஒரே மருந்தைக் கொடுத்திருந்தால் எதற்கும் கேட்டிருக்காது.

எடுத்த நடவடிக்கைகள்

பசிக்கு வாழைப்பழம். பயத்துக்கு, படி காலியாகும்வரை இரட்டை விசில் கொடுப்பதில்லை என்று டிரைவரோடு பேசிவைத்துக்கொண்டார். நேரம் பிந்தினால் இரண்டு பேரும் சேர்ந்து டைம் கீப்பரிடம் பதில் சொல்வது என்று உடன்பாடு. இது மனநல ஆலோசனையே இல்லை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

அவமானத்துக்குத்தான் நேரம் பிடித்தது. ஆழ்ந்து மூச்சு விடுங்கள் என்றேன். “அந்தக் கூட்டத்துல மூச்ச இழுத்தா வேர்வை நாத்தம்தான் சார் வரும்” என்றார். பத்து வரை எண்ணுங்கள் என்றேன். எண்ணுவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். கடைசியில் வழி அவர் தொழிலிலேயே கிடந்தது. சில்லறை இல்லாதபோது, தரவேண்டிய மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பது நடத்துநர்களின் பழைய வழக்கம். காது சுட ஆரம்பித்ததும், தேவை இருக்கிறதோ இல்லையோ, பேனாவை எடுத்து ஏதாவது எழுத வேண்டும்: மீதி, நேரம், ஏறிய இடம். தலை குனியும், கண் எதிராளியின் முகத்தை விட்டு விலகும், கைக்கு வேலை கிடைக்கும். பிறகு “இருங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு பேருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேண்டும்.

கிளினிக்கிலேயே ஒத்திகை பார்த்தோம். நான் பெரியவர். 500 ரூபாய் நோட்டை நீட்டி, அதே சொற்களைச் சொன்னேன். முதல் முறை அவர் பேனாவைத் தேடவே இல்லை. முகம் இறுகி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறாவது முறை பேனா வந்தது.

டிரைவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர்தான். வயது 51, ஒன்பது ஆண்டாக ஒன்றாக ஓட்டுகிறார்கள். கண்ணாடியில் இவர் தாடையைப் பார்த்தே அவருக்குத் தெரியுமாம். அப்படித் தெரிந்தால் “தம்பி, மணி என்ன?” என்று கேட்பார், இவர் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொல்ல வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பத்தாண்டுக் கணக்கில் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், கடினமான சூழலிலும் தேறி வந்தவர்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆளாவது கூட இருந்ததைக் கண்டார். மீண்டெழும் திறனைப் பற்றிப் பேசும்போது மன உறுதி, வைராக்கியம் என்று தனி ஆளின் நெஞ்சுக்குள்ளேயே தேடுகிறோம். இவருடைய திறனில் ஒரு பங்கு கண்ணாடிக்கு எதிரே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தது.

டூட்டி விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகாரம் இல்லை. கணக்கைக் காட்டினேன். காசு வீசிய நாளும், நோட்டில் ‘கா’ மூன்றுக்கு மேல் விழுந்த நாட்களும், இரவு நடைக்கு மறுநாள் முதல் நடை பார்த்தவை. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இனிமேல் அந்த மாற்றத்தை எடுப்பதில்லை என்றார். ஊருக்குப் போவது மாதம் ஒரு முறையாகக் குறைந்தது.

மகள்

செப்டம்பரில்தான் மகள் பேச்சு முழுமையாக வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். “கோபத்துல பண்ணிட்டேம்மா” என்று. அவள் பதில் பேசவில்லை. என்ன சொல்லலாம் என்று என்னைக் கேட்டார். நான் சொல்லித் தரவில்லை. காது சுட்டதை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த முறை வந்து சொன்னார். இரவு வீட்டுக்கு வந்தபோது அவள் ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறார். “அன்னைக்கு அந்த ஆளு அப்படிச் சொன்னதும் எனக்கு அவமானமா இருந்துச்சு. அதத் தாங்கத் தெரியல.” அவள் புத்தகத்திலிருந்து நிமிராமல், “எனக்கும்தாம்ப்பா” என்றாளாம். வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், யார் காசைக் கீழே போட்டுக் காட்டினார்கள் என்று அதன் பிறகு அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். அவர் இடையில் ஒன்றும் சொல்லவில்லை. “அவனுங்க யாருன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு சார். காது சுட்டுச்சு. பேசாம இருந்துட்டேன்.”

இந்த ஓராண்டில் அவர் செய்த கடினமான காரியம் இதுதான் என்பது என் கருத்து. பேருந்தில் நடந்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

சறுக்கல்

2022 தீபாவளி அக்டோபர் 24. அதற்கு முந்தைய மூன்று நாள் கூட்டத்தைப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆள் பற்றாமல் டபுள் டூட்டி. இரண்டாம் நாள் மாலை, படியில் தொங்கிய ஒரு பையனின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துத் தள்ளினார். பையன் இருக்கைக் கம்பியில் மோதி உதடு கிழிந்தது. புகார் எதுவும் வரவில்லை.

அதன் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. இரண்டு சந்திப்பு தவறின. பண்டிகைக் காலம், வேலை அதிகம் என்று நானாக நினைத்துக்கொண்டு போன் செய்யாமல் இருந்தேன். மூன்று வாரம் கழித்து மனைவி போன் செய்து, “சார் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு சொல்றாருங்க” என்றார். அவமானம்தான் இவருடைய தீப்பொறி என்று நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான். அதே அவமானத்தில் அவர் என்னைத் தவிர்ப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது நோட்டு அவரிடம் இருந்தது. அந்த நடைக்கு ‘தா’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். பயம் என்று அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கை முந்திவிட்டது. தெரிவதற்கும் கை நிற்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். அந்த அக்டோபரில்தான் 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல ஆலோசனைக்கான இலவச எண், தொடங்கியிருந்தது. இரவிலும் தமிழில் பேசலாம் என்று அந்த எண்ணை நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் கூப்பிடவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

பின்னர்

சார்ஜ் மெமோ, ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனதோடு முடிந்தது. 2023 ஜூன் வரை புதிய புகார் இல்லை. ரத்த அழுத்தம் மாத்திரையோடு 130/84. நோட்டு எழுதுவது ஜனவரியோடு நின்றுவிட்டது. “இப்ப எழுதாமலே தெரியுது” என்றார். முழுக்க நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. செவ்வாய்க்கிழமை சந்தை நாளில் விசில் இன்னும் கடிபடுகிறது. மற்றபடி ஒரு விசில் மூன்று மாதம் வருகிறதாம்.

மறுபடி செய்தால்

அந்த 24 சொல் தாளை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. “உடம்பில் எங்கே?” என்று தொடங்குகிறேன். வராமல் போனவருக்கு இரண்டாம் நாளே போன் போகிறது.

இன்னொரு தவறு, தெரியவந்தபோது ஏழாவது சந்திப்பு. 3.15-க்கு எழுபவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர் எத்தனை மணிக்கு எழுவார் என்று நான் கேட்கவே இல்லை. 2.30. பதினாறு ஆண்டாக. அவரை முதல் நாள் கிளினிக்குக்கு அழைத்து வந்ததே அந்த அம்மாதான். பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிப்போனதை நான் கவனித்தும் இருக்கிறேன். தூக்கக் கணக்கில் ஒருவர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன்.

டூட்டி மாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இவர் விட்ட இரவு நடையும் முதல் நடையும் காற்றில் போய்விடவில்லை. கல்யாணக் கடன் இருந்த 29 வயது நடத்துநர் ஒருவர் கூடுதல் பணத்துக்காக அவற்றை எடுத்துக்கொண்டார். ஒருவரின் தூக்கத்தை மீட்டதில் இன்னொருவரின் தூக்கம் போயிருக்கிறது. பட்டியலைக் கிளை அளவில் சரிசெய்யாமல் ஆளுக்கு ஆள் பேசி முடித்தால் இப்படித்தான் ஆகும். தொழிற்சங்கத்தில் இதை எடுத்துப் பேசச் சொல்லியிருந்தேன். பேசினார், இன்னும் முடிவாகவில்லை.

2023 ஜூனில் கடைசியாக வந்தபோது, எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“அந்தத் தம்பி விசிலக் கடிக்கிறான் சார். பாத்தேன். வியாழக்கிழமை அவனுக்கு வீக் ஆஃப். கூட்டிட்டு வரட்டுமா?”